இரண்டு தாளையும் ஒன்றாகத் தையுங்கள்: வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதுகலை வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பாடத்திட்டத்தை மறுபடியும் மாற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சில வருஷங்களுக்கு ஒருமுறை நடக்கிற வேலைதான். அலகுகளை மேலும் கீழும் நகர்த்தி, புதிதாக இரண்டு தலைப்பைச் சேர்த்து, பார்வை நூல் பட்டியலைக் கொஞ்சம் நீட்டினால் கூட்டம் முடிந்துவிடும். இந்த முறை அப்படி முடித்துவிடாதீர்கள், வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று படிக்கிற வரலாற்று வரைவியலையும் பிரெஞ்சு வரலாற்றையும் ஒன்றாக நடத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. முதுகலை வரலாறு படித்துவிட்டு, சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போய், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிரெஞ்சு வரலாறு படித்துக்கொண்டிருக்கிற ஆள். கொஞ்சம் உரிமையும் கொஞ்சம் கோபமும் கலந்துதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்த இடத்தில் ஒரு திங்கள்கிழமை வரலாற்று வரைவியல் தேர்வு. 'அன்னல்ஸ் சிந்தனைப் பள்ளி பற்றிக் கட்டுரை வரைக.' பிரெஞ்சு வரலாற்று இதழ் ஒன்றைச் சுற்றி உருவான வரலாற்றாளர் குழு அது. வரைந்தேன். 1929, மார்க் ப்ளோக், லூசியான் ஃபெவ்ர், அப்புறம் ஃபெர்னான் ப்ரோதெல், நீண்ட காலப் பார்வை, முழுமை வரலாறு. நோட்ஸில் இருந்த வரிசை மாறாமல் எழுதினேன். புதன்கிழமை ஐரோப்பிய வரலாறு. '1789 பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் யாவை?' அரசியல், சமூகம், பொருளாதாரம், சிந்தனையாளர்கள் என்று நான்கு தலைப்பு போட்டு, வால்டேர், ரூசோ பெயர்களுக்கு அடிக்கோடிட்டு அதையும் எழுதினேன். இரண்டிலும் நல்ல மதிப்பெண். திங்கள்கிழமை எழுதியதற்கும் புதன்கிழமை எழுதியதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யாரும் சொல்லவும் இல்லை. ஒன்று 'கோட்பாட்டுத் தாள்', இன்னொன்று 'வரலாற்றுத் தாள்'. இரண்டையும் நடத்தியவர்களும் வேறு வேறு.

தொடர்பு எங்கே இருந்தது தெரியுமா? ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில். முதல் உலகப் போர் முடிந்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் மறுபடி பிரான்சின் கைக்கு வந்ததும், அங்கே பல்கலைக்கழகத்தைப் புதிதாக அமைத்து நல்ல நல்ல ஆட்களாகப் பார்த்துப் போட்டார்கள். வரலாற்றுக்கு ப்ளோக், ஃபெவ்ர். சமூகவியலுக்கு மோரிஸ் ஹால்ப்வாக்ஸ், கூட்டு நினைவு என்ற கருத்தை வளர்த்தவர். உளவியலுக்கு ஷார்ல் ப்ளோந்தெல். 1920களின் கடைசியில் ஜார்ஜ் லெஃபெவ்ரும் அங்கே வந்து சேர்ந்தார், பிரெஞ்சுப் புரட்சியை விவசாயியின் பக்கம் நின்று பார்த்தவர். கோட்பாடு பேசுகிறவரும் காப்பகத்தில் தூசி தட்டுகிறவரும் அங்கே பக்கத்து அறைக்காரர்கள். நாம் என்ன செய்தோம்? அந்தப் பக்கத்து அறைக்காரர்களைப் பிரித்து, ஒருவரைத் திங்கள்கிழமையிலும் இன்னொருவரைப் புதன்கிழமையிலும் உட்கார வைத்தோம். லெஃபெவ்ர் பெயர் எங்கள் நோட்ஸில் எந்தக் கிழமையிலும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. ப்ளோக் முதல் உலகப் போரில் காலாட்படையில் இருந்தவர். 1917இல் அவருடைய படைப்பிரிவு ப்ரேன் என்ற சிற்றூருக்கு வடக்கே இருந்தபோது ஒரு ஜெர்மன் கைதி பிடிபட்டான். அவன் ப்ரெமென் நகரத்துக்காரன். பிரெஞ்சில் ப்ரெமெனை 'ப்ரெம்' என்பார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு எப்படிப் பரவியது தெரியுமா? பிடிபட்டவன் போருக்கு முன்னால் பக்கத்து ப்ரேனில் கடை வைத்திருந்தவனாம், அப்போதே வேவு பார்க்கத்தான் வந்து குடியிருந்தானாம்! காதில் விழுந்தது என்னவோ ப்ரெம்தான். எதிரியின் ஒற்றர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த மனம் அதை ப்ரேன் ஆக்கிக்கொண்டது. ப்ளோக் இதைத் தமாஷாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. 1921இல் போர்க்காலப் பொய்ச் செய்திகள் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வதந்தி என்பது பிழை மட்டும் அல்ல, அதைப் பரப்புகிற கூட்டத்தின் மனம் அதில் தெரியும், அது பரவுவதற்கான நிலம் முன்பே பண்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். ஒரு காதுப் பிழையிலிருந்து ஒரு கோட்பாடு. இதை ஒரு மாணவனுக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது லெஃபெவ்ருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மடலில் நான் சொல்ல வருவதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. 1789 ஜூலை கடைசியில் பிரான்சின் கிராமப்புறங்களில் ஒரு பெரும் பீதி பரவியது. 'கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், அறுவடைக்கு நிற்கிற கோதுமையைப் பச்சையாகவே வெட்டிப் போடப் போகிறார்கள்' என்று. ஊர் ஊராக ஆலய மணி அடித்தார்கள், கையில் கிடைத்த அரிவாளையும் கவைக்கோலையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொள்ளைக்கூட்டம் வரவில்லை, அப்படி ஒரு கூட்டமே இல்லை. இதற்கு 'பெரும் அச்சம்' என்று பெயர். எங்கள் புத்தகத்தில் இதற்கு அரை வரி.

லெஃபெவ்ருக்கு முன்னால் இதற்கு விளக்கங்கள் தயாராக இருந்தன. யாரோ திட்டமிட்டுக் கிளப்பிவிட்டார்கள் என்பது ஒன்று. பிரபுக்களின் சதி என்று ஒரு பக்கமும், புரட்சிக்காரர்களின் சதி என்று மறுபக்கமும் சொன்னார்கள். இன்னொன்று 1895இல் குஸ்தாவ் லெ போன் பிரபலமாக்கிய கூட்ட உளவியல்: கூட்டம் சேர்ந்தால் மனிதன் புத்தியை இழப்பான், ஒருவனிடமிருந்து ஒருவனுக்குத் தொற்றும், அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கும், எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும், பொருந்துகிறதா என்று சோதிக்கத்தான் வழி இல்லை.

லெஃபெவ்ர் என்ன செய்தார்? பீதி எந்த ஊரை எந்தத் தேதியில் வந்தடைந்தது, சேதியைக் கொண்டுவந்தது யார், பாதிரியாரா, தபால்காரரா, சந்தைக்குப் போய் வந்த வியாபாரியா, அடுத்து எந்த ஊருக்குப் போனது என்று உள்ளூர் ஆவணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனார். குறித்து முடித்தால் வரைபடத்தில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எரியவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் கிளம்பி, பாதைகளின் வழியே, பள்ளத்தாக்குகளின் வழியே போயிருக்கிறது. ஷாம்பாஞ் பகுதியில் ஓரிடத்தில் அது கிளம்பியதற்குக் காரணம் ஒரு கால்நடை மந்தை! தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கொள்ளைக்காரர் படையாகத் தெரிந்தது. கிழக்கே வெசூல் அருகில் கேன்ஸே மாளிகையில் ஜூலை 19ஆம் தேதி வெடிமருந்து வெடித்துச் சிலர் செத்தார்கள். பிரபு ஊர்க்காரர்களை விருந்துக்கு அழைத்து வெடி வைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது, அந்த வட்டாரத்தில் மாளிகைகள் எரிந்தன.

சதி இல்லை என்பது தேதிகளிலிருந்தே தெரிந்துவிட்டது. ஆனால் லெஃபெவ்ர் அங்கே நிற்கவில்லை, அதுதான் முக்கியம். ஒரு கால்நடை மந்தையைப் பார்த்து ஏன் இத்தனை ஊர் நம்ப வேண்டும் என்று கேட்டார். அதற்கு விடை 1788க்குப் போகிறது: மோசமான விளைச்சல், அந்த ஜூலையில் அடித்த ஆலங்கட்டி மழை, ஏறிக்கொண்டே போன ரொட்டி விலை, வேலையில்லாமல் சாலைகளில் பிச்சை கேட்டுத் திரிந்த கூட்டம், பாரிஸில் நடப்பது பற்றி அரைகுறையாக வந்த சேதிகள், பிரபுக்கள் மூன்றாம் பிரிவினரை, அதாவது பிரபுவும் பாதிரியும் அல்லாத மற்ற எல்லோரையும், பழிவாங்கப் போகிறார்கள் என்ற சந்தேகம். ப்ளோக் சொன்ன அந்தப் பண்பட்ட நிலம் இதுதான். இன்னொரு விஷயத்தையும் அவர் பிரித்துக் காட்டினார்: மாளிகைகளை எரித்த விவசாயக் கிளர்ச்சியும் இந்தப் பீதியும் ஒன்றல்ல. கிளர்ச்சி சில பகுதிகளில் முன்னால் நடந்தது, பீதி பல இடங்களில் ஒரு மாளிகையைக் கூடத் தொடவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது பின்னால் வந்தவர்கள்.

இந்த நூல் வந்தது 1932இல். அதே வருஷம்தான் புரட்சிக் கூட்டங்கள் பற்றி ஒரு உரையில் லெ போனை அவர் வெளுத்து வாங்கினார். கூட்டம் என்பது திடீரென்று புத்தி கெட்டுப்போன மந்தை அல்ல, சந்தையிலும் ஆலய வாசலிலும் நாள்கணக்கில் பேசிப் பேசி உருவான ஒரு பொது மனம் அதற்கு முன்பே இருக்கிறது என்றார். ஊர், தேதி, ஆள் என்று குறித்த கையாலேயே எழுதிய கோட்பாடு இது. 2025இல் ஆய்வாளர்கள் சிலர் அதே பெரும் அச்சத்தைத் தொற்றுநோய் பரவும் கணித மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். லெஃபெவ்ர் சேர்த்து வைத்த ஊர்களும் தேதிகளும் இல்லாவிட்டால் அந்தக் கணிதத்துக்குப் போட எண் ஏது?

இதைத்தான் ஒரே தாளில் வையுங்கள் என்கிறேன்.

மறுபக்கத்து நோயையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கோட்பாட்டுக்கு எதிரி என்று நினைப்பீர்கள். (என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.) இப்போது வரலாறு படிக்கிற பிள்ளைகளிடம் ஃபூக்கோ பெயர் சரளமாக வருகிறது, அதிகாரத்தையும் கண்காணிப்பையும் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர். விடுதியில் சிசிடிவி வைத்தால் ஃபூக்கோ, கைரேகை வருகைப்பதிவு வந்தால் ஃபூக்கோ. சரி, வரட்டும். ஆனால் ஃபூக்கோ எதைப் படித்து அங்கே போய்ச் சேர்ந்தார், அவர் சொன்னதை பிரெஞ்சு வரலாற்றாளர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று கேட்டால் அமைதி. சிறை பற்றிய அவருடைய நூல் 1975இல் வந்தது. 1757இல் மன்னர் 15ஆம் லூயியைக் கத்தியால் குத்திய தாமியேன் என்பவனைப் பாரிஸில் நடுச்சந்தியில் சித்திரவதை செய்து கொன்ற காட்சியோடு தொடங்கும். படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த ழாக் லெயோனார் நேராகவே குறை சொன்னார்: மூன்று நூற்றாண்டுகளைக் குதிரையில் தாவிக் கடந்துவிட்டார், நடைமுறையில் சிறைகளிலும் பட்டறைகளிலும் என்ன நடந்தது, எவ்வளவு நடக்கவே இல்லை என்று பார்க்கவில்லை என்று. 1978இல் மிஷெல் பெரோ உள்ளிட்ட வரலாற்றாளர்கள் ஃபூக்கோவோடு உட்கார்ந்து இதை விவாதித்தார்கள், 1980இல் அது நூலாகவும் வந்தது. ஃபூக்கோவின் பதில் தோராயமாக இப்படி: நீங்கள் ஒரு காலகட்டத்தை முழுதாகப் படிக்கிறீர்கள், நான் ஒரு சிக்கலைத் துரத்துகிறேன், இரண்டுக்கும் விதிகள் வேறு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, என் மனசு லெயோனார் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் அழகு. பாரிஸில் ஆர்செனால் நூலகத்தில் பாஸ்தீய் சிறையின் ஆவணங்கள் இருக்கின்றன. அதில் மன்னரின் முத்திரைக் கடிதங்கள் சம்பந்தப்பட்ட கட்டுகள். விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்துவைக்க மன்னர் பெயரில் போடும் உத்தரவுதான் அந்தக் கடிதம். கொடுங்கோன்மைக்கு அடையாளம் என்று நாம் எல்லோரும் படித்தது. ஃபூக்கோவுக்கு அந்தக் கட்டுகள் மேல் பல வருஷமாகக் கண். ஆர்லெத் ஃபார்ஜ் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் காவல்துறை ஆவணங்களிலேயே குடியிருந்த வரலாற்றாளர். இருவரும் சேர்ந்து 1982இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கட்டுகளைப் பிரித்தால் உள்ளே இருப்பது என்ன? சாதாரணக் குடும்பங்களின் மனுக்கள்! 'என் புருஷன் குடித்துவிட்டு வீட்டுச் சாமான்களை விற்கிறான், அடைத்து வையுங்கள்' என்று மனைவி. 'மகன் கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டான், குடும்ப மானம் போகிறது' என்று அப்பா அம்மா. எழுதத் தெரியாதவர்கள் எழுத்தரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். அரசனின் கை மேலிருந்து கீழே இறங்கியது உண்மைதான், அந்தக் கையைக் கீழேயிருந்து பிடித்து இழுத்ததும் ஜனங்கள்தான்.

அதிகாரம் என்பது மேலேயிருந்து அமுக்குவது மட்டும் இல்லை என்று ஃபூக்கோ முன்பே எழுதிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்கிற மாணவனுக்கும், ஒரு மனைவியின் மனுவைப் படித்துவிட்டு அதே வாக்கியத்துக்கு வந்து சேர்கிற மாணவனுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று யோசியுங்கள். இரண்டாவது மாணவன் எதிர்த்தும் பேசுவான். மனு கொடுக்காத குடும்பங்கள் எத்தனை, நிராகரித்த மனுக்கள் எங்கே, பாரிஸுக்கு வெளியே எப்படி என்று கேட்பான். அவனைத்தான் நான் வகுப்பில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

'பூர்ஷ்வாப் புரட்சி' விஷயத்திலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1789 முதலாளி வர்க்கத்தின் புரட்சி என்று நாம் ஒரே வரியில் எழுதுகிறோம். அல்ஃப்ரெட் காபன் என்ற ஆங்கிலேய வரலாற்றாளர் 1950களில் ஒரு எளிய வேலை செய்தார். புரட்சியை நடத்திய மூன்றாம் பிரிவுப் பிரதிநிதிகள் என்ன தொழில் செய்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தார். வணிகர்களும் தொழிற்சாலைக்காரர்களும் சிறுபான்மை, பெரும்பான்மை வழக்கறிஞர்களும் அரசுப் பதவி வைத்திருந்தவர்களும். அதிலிருந்து கிளம்பிய சண்டை இன்றும் ஓயவில்லை. எந்தப் பக்கம் சரி என்று நீங்கள் மாணவனுக்குச் சொல்ல வேண்டாம், பட்டியலைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். வழக்கறிஞரை எந்த வர்க்கத்தில் போடுவது என்று பென்சிலோடு திணறுகிற அந்த நிமிடத்தில்தான் வர்க்கம் என்றால் என்ன என்ற கேள்வி அவனுக்கு உயிரோடு எழும்.

நீங்கள் சொல்லப் போகிற பதில் எனக்குத் தெரியும். 'தம்பி, நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது, பாரிஸ் காப்பகத்துக்கு யார் கூட்டிப்போவது, ஒரு செமஸ்டருக்கு இத்தனை மணிநேரம்தான், வினாத்தாளுக்கு விடைக்குறிப்பு வேறு தயாரிக்க வேண்டும்.' நியாயம்தான். கடைசியில் சொன்ன விடைக்குறிப்புதான் உண்மையான காரணம் என்று எனக்குச் சந்தேகம், இருக்கட்டும். பிரெஞ்சு தேசிய நூலகம் 1997 முதல் காலிகா என்ற இணையதளத்தில் தன் சேகரத்தை இலவசமாகப் போட்டு வருகிறது. 1789இல் ஊர் ஊராக எழுதிய குறைமனுக்களில் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இரண்டு பக்க மனு ஒன்று போதும், உப்பு வரியைப் பற்றியும் பிரபுவின் புறாக்கள் விதையைத் தின்பதைப் பற்றியும் ஒரு கிராமம் என்ன சொன்னது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம்.

மொழிதான் தடை என்றால், தமிழிலேயே எழுதிய பிரெஞ்சு வரலாற்று மூல ஆவணம் ஒன்று நம் கையில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர், பிரெஞ்சுக் கும்பினி வியாபாரத்தையும் ஆளுநர் மாளிகை ரகசியங்களையும் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்த நாட்களை எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள். பாதிரிமார், தூப்ளேயின் மனைவி, ஆலோசனைச் சபை, ஊர் மகாநாட்டார்கள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பது தெரியும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தன் பதவியையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பிள்ளையும் அதே பக்கங்களில் இருக்கிறார். 'காலனிய அரசு' என்று ஒற்றைச் சொல்லில் நாம் எழுதுவது எத்தனை கைகள் சேர்ந்தது என்று இதைவிட நன்றாக எந்தக் கோட்பாட்டு நூல் காட்டும்? பாரிஸில் இருக்கிற ஆய்வாளர் இதை மொழிபெயர்ப்பில்தான் படிக்க வேண்டும். நம் மாணவன் மூலத்திலேயே படிக்கலாம். பழைய வழக்கும் நீளமான வாக்கியங்களும் முதல் பத்துப் பக்கம் மூச்சு வாங்க வைக்கும், அப்புறம் பழகிவிடும். ஆனாலும் நான் படித்த இரண்டு வருஷத்தில் இந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைக் கூட வகுப்பில் யாரும் வாசித்துக் காட்டவில்லை. 'தமிழக வரலாற்றுச் சான்றுகள்' என்ற தலைப்பில் பெயரும் வருஷமும் வந்தது, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரலாற்று வரைவியல் தாளையும் பிரெஞ்சு வரலாற்று அலகையும் ஒரே ஆசிரியர், அல்லது இருவர் சேர்ந்து, ஒரே செமஸ்டரில் நடத்தட்டும். ஒவ்வொரு கோட்பாட்டாளரையும் அவர் கையில் எடுத்த ஆவணத்தோடு சேர்த்துப் பாடத்தில் வையுங்கள், ஆவணம் இல்லாத பெயரை அந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். ஆமாம், பெயர்கள் குறையும். ப்ரோதெல் கூட ஒரு வருஷம் இல்லாமல் போகலாம். போகட்டும், ஜெர்மானியர் கைதி முகாமில் உட்கார்ந்து நினைவிலிருந்தே மத்தியதரைக் கடல் பற்றி எழுதியவர், நம் பாடத்திட்டத்தில் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டாரா. தேர்வில் ஒரே ஒரு கேள்வியையாவது 'யாவை', 'விவரிக்க' இல்லாமல் போடுங்கள்: முன்பின் பார்த்திராத ஆவணம் ஒன்று, அரைப் பக்கம். இதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது? விடைக்குறிப்பு தயாரிக்க முடியாதுதான். திருத்துகிறவர் ஒவ்வொரு விடையையும் படித்தாக வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னாள் மாணவர்களையும் கூப்பிடுவீர்கள் என்றால் நான் வருகிறேன். விடுப்பு எடுத்துக்கொள்கிறேன், பயணப்படி வேண்டாம். நாட்குறிப்பில் 1748ஆம் வருஷத்துப் பக்கங்களைப் படியெடுத்துக் கொண்டுவருகிறேன், ஆளுக்கு ஒரு பிரதி. முதல் அரைமணி நேரம் நாமே அதைப் படித்துப் பார்ப்போம், அப்புறம் அலகு பிரிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் மாணவர்களில் ஒருவன்